தொப்பியைக் கழற்றினால்

உருளைக்கிழங்கு சாலட்டில் கடுகு விழுது கொஞ்சம் தூக்கல். ஆரின் பென்னரிடம் அதைச் சொல்லக் கூடாது. துக்க வீட்டுக்குச் சாப்பாட்டோடு வந்திருக்கும் கட்சித் தலைவரிடம் குறை சொல்வது அழகல்ல.

என் கணவர் வெர்லின் ஹாஸ்கெட், கான்சஸ் சட்டசபையில் எங்கள் தொகுதி உறுப்பினர். மாட்டுப்பண்ணையில் சாணி அள்ளி வளர்ந்தவர், தேவாலய மூப்பர். வரி கூடாது, துப்பாக்கியில் யாரும் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் குடும்பம் என்று சொல்லியே ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தார். குடும்பத்துக்கு அத்தாட்சி நான். மேடையில் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. வெளியே தெரிந்தால் ஓட்டு போய்விடும். அதனால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை என் கைப்பையில்தான் இருக்கும். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டால், மிட்டாய் கொடுப்பதுபோல் நான் நீட்ட வேண்டும். அதுவரை தவறியதே இல்லை.

"இதான் கடைசித் தடவ லோரி, அப்புறம் உன் இஷ்டம்" என்பார், ஒவ்வொரு தேர்தலிலும். இந்தமுறை நம்பிவிட்டேன். ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்து, சன்னல்களுக்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டேன்.

சுதந்திர தின ஊர்வலத்தில், பிக்கப் வண்டியின் பின்தட்டில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் நின்றபடி ஒலிபெருக்கியில் அறிவித்தார். வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கே போட்டியிடுகிறாராம், மனைவி லொரெட்டாவும் கூட வருகிறாளாம். ஊரோடு சேர்ந்து நானும் அப்போதுதான் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, இறங்க முடியாது.

தானியக் கிடங்கைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார். நான் சாலையோரக் குழந்தைகளுக்கு மிட்டாய் வீசிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் ஏமாந்துபோகும். "லோரி" என்றார் மெல்ல. யாருக்கும் கேட்டுவிடக் கூடாதல்லவா, அப்போதும் அந்தக் கவனம் அவருக்கு. பை என் மடியில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. அவர் சரிந்தபோது, வெயில் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

உறுப்பினர் இறந்தால் மீதிக் காலத்துக்கு அவர் மனைவியை உட்காரவைப்பது இங்கே வழக்கம். அதற்குத்தான் ஆரின் வந்திருந்தார்.

"நீங்க ஒண்ணும் பேசவே வேணாம், லொரெட்டா. வெர்லின் பக்கத்துல நின்னீங்களே, அதே மாதிரி நின்னா போதும். பைபிள்ல கைய வெச்சு ஒரு உறுதிமொழி, அவ்வளவுதான். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

நான் நேர்மையாக வளர்க்கப்பட்டவள். மனதில் இல்லாததை பைபிளில் கை வைத்துச் சொல்ல எனக்கு வராது.

"வேணாம், ஆரின்" என்றேன். "அது பாவம்."