கம்பியில்லாத பாதையில வந்த ரெயின்

விடிய அஞ்சேகால். மார்கழி இருட்டு. டென்மார்க்கில, விபோர்க் டவுனுக்கு வெளியில, வயலுக்கு நடுவில ஒரு குட்டி ஸ்டேசன்... அதுக்குப் போற ரோட்டில ஒரு காரும் இல்லை. சிந்துஜன் வேலைக்குப் போற ரெயினுக்குத் தனிய நடந்து வாறார். எங்கட கஜதீபன்ர மச்சான்தான். கண்டிருப்பியள், கனக்கக் கதைக்கமாட்டார். கிட்ட இருங்கோ, மெல்லத்தான் சொல்லுவன்.

அவருக்கு ஒரு தம்பி, தாரகன். ஜப்பானுக்குப் படிக்கப் போன பெடியன். ரெண்டாயிரத்து ஒன்பதில ஒருநாள் டோக்கியோவில வேலைக்கெண்டு ரெயின் ஏறினவன்... ஏறினது கமராவில இருக்கு. இறங்கினதை ஒருத்தரும் காணேல்லை. சிந்துஜன் அங்க போய் ஒரு மாசம் அதே ரெயினில அங்கையும் இங்கையும் ஓடித் தேடினவர். முழுக்க ஆரஞ்சு நிறம், பழைய கரண்ட் ரெயின். அடுத்த வருசமே அதையெல்லாம் ஓட்டத்தில இருந்து எடுத்து, இரும்புக்கு வெட்டிப்போட்டாங்கள்.

சரி... அண்டைக்கு மேடையில நிக்கிறார். தண்டவாளம் மெல்லச் சிணுங்குது. வழமையா வாற டீசல் ரெயின்ர இரைச்சல் இல்லை... "ம்ம்ம்" எண்டு ஏறி இறங்கிற மோட்டர்ச் சத்தம். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். நிமிந்து பாத்தார். அந்தப் பாதைக்கு மேல கரண்ட் கம்பியே கிடையாது.

ஆரஞ்சு ரெயின் வந்து நிண்டுது.

கதவு திறந்துது. சீற்றுக்குக் கீழ இருக்கிற ஹீற்றர்ச் சூடு முகத்தில அடிச்சுது... நனைஞ்ச குடை மணம். கைபிடி வளையங்கள் எல்லாம் ஒண்டா ஆடுது. கதவோரச் சீற்றில தாரகன். நாடி நெஞ்சில முட்ட நித்திரை. அதே இருபத்திரண்டு வயசு.

"தம்பி... எழும்பு. இறங்கடா."

கண்ணைத் திறந்தான். "அண்ணை, இன்னும் என்ர ஸ்டேசன் வரேல்லை," எண்டான். கொஞ்சம் தள்ளி இருந்து பக்கத்தில இடம் விட்டான். பிறகும் கண் மூடிட்டுது.

சிந்துஜன் காலைத் தூக்கப் பாத்தார். வரேல்லை. கையை நீட்டினார்... கதவுக்கு அங்கால போகேல்லை. கத்த வாயைத் திறந்தார், வெறும் ஆவிதான் வந்துது. பதினைஞ்சு வருசமாத் தேடினவன் ஒரு முழம் தள்ளி இருக்கிறான்... கதவு மூடிட்டுது. ரெயின் இழுத்த இழுவையில அவன்ர தலை கண்ணாடியில "டக்" எண்டு முட்டினது மட்டும் கேட்டுது.

வழமையான டீசல் அஞ்சு நிமிசத்தால வந்துது. அவர் ஏறேல்லை. திரும்பி வீட்டை நடந்தார். ஒருத்தருக்கும் இதைச் சொல்லுறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் கதவைத் திறந்தவர்.

குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில, தாய், சரோஜினிதேவி அன்ரி, ரெலிபோனை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறா. முகத்தில சிரிப்பு.

"இப்பதான் தம்பி எடுத்தவன்," எண்டா. "இடம் விட்டும் அண்ணை ஏன் ஏறேல்லை எண்டு கேக்கிறான்."