குண்டைப் பல்லால பிடிக்கிற படம்

...அதான் சொல்றேன் சார், மனுஷன் பல்லு அதுக்குப் படைச்சதில்ல. வாயை நல்லா தொறங்க. இன்னும் கொஞ்சம். துப்பாக்கியிலேந்து குண்டு வருது, ஹீரோ லபக்குனு பல்லால பிடிக்கிறான், பிடிச்சு வில்லன் மூஞ்சியிலேயே துப்புறான்... இதெல்லாம் ஒரு படமா? ஒரு பல் டாக்டருக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. ம்... உங்களால சொல்ல முடியாது, பஞ்சு வெச்சிருக்கேன். பரவால்ல, நானே சொல்றேன்.

இந்தக் கண்றாவியால எங்க வீடே ரெண்டுபட்டுக் கிடக்கு சார். நான் எங்க ஃபிலிம் சொசைட்டிக்குத் தலைவர், தெரியுமில்ல? ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வெளிநாட்டுப் படம் போடறதா ஏற்பாடு. ஒரு கிழவர் வர்றார், கதவைப் பாத்துக்கிட்டு உக்கார்றார். அவ்ளோதான். அரை மணி நேரம் கதவுதான். என்னா ஆழம்... எனக்குத் தூக்கம் வரும், அது வேற விஷயம். வலிச்சா கையைத் தூக்குங்க. சரி, எல்லாரும் வந்து உக்காந்தாச்சு, டிவியில ஓடிடி ஆப்பைத் தொறந்தேன். மொதல்ல என்ன வருது? குண்டைக் கடிச்சுக்கிட்டு அந்த ஹீரோ மூஞ்சி. கீழ, 'மறுபடியும் பாருங்க'ன்னு எழுத்து வேற. மறுபடியுமாம். எங்க சொசைட்டியில ஒரு புரொஃபசர், அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டுப் பாக்கறாரு. என் மானம் கப்பலேறிப் போச்சு.

நான் என்னதான் பண்றது? 'எங்க அத்தை, அதான் என் மாமியார், பாத்திருப்பாங்க, வயசாச்சு பாருங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அத்தைக்கு அப்பதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டுப் போடாத கண்ணால என்னை ஒரு பார்வை பாத்துட்டு, 'ஆமா, நான்தான் பாத்தேன்'னுட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார், அப்புறம் என் மேல என்ன தப்பு? மறுநாள் காலைல பெட்டியைக் கட்டிக்கிட்டு சின்ன மக வீட்டுக்குப் போயிட்டாங்க. என் பொண்டாட்டி என்னடான்னா, 'ஆபரேஷனுக்கப்புறம் டிவி பக்கமே திரும்பாதவங்க எப்படிங்க படம் பாத்தாங்க'ன்னு ஒரே கேள்வி கேட்டா. அதோட பேச்சை நிறுத்திட்டா. தட்டை டொக்குன்னு வெக்கிறா, அதுதான் பேச்சு.

இந்த எடத்துல கொஞ்சம் கூசும்... படம் எடுக்கறவனுக்காவது பொறுப்பு வேணாமா சார்? மொத ஷாட்ல ஹீரோ வலது பக்கக் கடவாப்பல்லால கடிக்கிறான். அடுத்த ஷாட்ல குண்டு இடது பக்கம் போயிடுது. சும்மா பாத்தா தெரியாது, நிறுத்தி நிறுத்திப் பாக்கணும். அப்புறம் கடைசில மாமியார் கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பான் பாருங்க, அந்த வயலின் வரும்போது ஒவ்வொரு தடவையும் நான் கர்சீஃபைத் தேடி...

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

ஏன் உடம்பை விறைச்சுக்கிறீங்க? இருங்க, மேல டிவியில மீன் நீந்தறதைப் போடறேன், பயம் தெரியாது. சிஸ்டர், அந்த ரிமோட்டை அமுக்குங்க... ஐயய்யோ, குண்டைக் கடிச்சுக்கிட்டு அதே மூஞ்சி. அணைங்க, அணைங்க சிஸ்டர்.

ம்... சரி, பாத்துட்டீங்க. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, இதே நாற்காலியில சாஞ்சுக்கிட்டு... ஒரு மனுஷனுக்கு அதுகூடக் கூடாதா? இங்கயும் எங்க வீட்டு அக்கவுண்ட்தான். இங்க பாத்தா அங்க காட்டிக் குடுக்கும்னு யாரு கண்டா?

ஒரு நிமிஷம், ஃபோனு. அத்தைதான். அலோ... சொல்லுங்க அத்தை. சொட்டு மருந்தா? ஃபிரிட்ஜ்லதான் இருக்கு, குடுத்தனுப்பறேன். அப்புறம் அத்தை... அந்தப் படத்தைப் பாத்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். நீங்க பாவம், சும்மா பழியை ஏத்துக்கிட்டீங்க. இங்க வர்ற ஒரு பேஷண்டு அத்தை. ஆமா, காத்திருக்கிற நேரத்துல போட்டுப் பாத்திருக்காரு. இப்பகூட என் முன்னாடிதான் வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்காரு. குடுக்கறதா? பேச முடியாதே, வாயெல்லாம் பஞ்சு... சார், தலையை ஆட்டாதீங்க, பஞ்சு விழுது. இருங்க, விரலால தள்ளி...

ஆ... சார். விரலை விடுங்க சார். ஊசி போட்டது இடது பக்கம், நீங்க வலது பக்கத்தால... சிஸ்டர்... ஐயோ, அத்தை, நான்தான் அத்தை. நான்தான் பாத்தேன். தெனமும் பாத்தேன். நீங்க வீட்டுக்கு வந்துடுங்க... சொல்லிட்டேன்ல சார், இன்னுமா?... சரி, சரி. அத்தை, அந்தப் புரொஃபசர்கிட்டயும் சொல்லிடறேன்.