வைக்கோல் போதாத வரிசை

ஐரிஸ் பூச்செடியின் கிழங்கைக் குளிர் கொல்வதில்லை, ஐயா. பலரும் தவறாக நினைக்கிறார்கள். பகலில் இளகி இரவில் இறுகும் மண்தான் கொல்கிறது. மண் உப்பி, வேரை அறுத்து, கிழங்கை வெளியே தள்ளிவிடும். அதனால் நிலம் நன்றாக உறைந்த பிறகு வைக்கோல் போட்டு, வசந்தம் வரை உறைந்தபடியே வைத்திருக்க வேண்டும். கராகோலில் இருபத்திரண்டு குளிர்காலமாக அப்படித்தான் செய்கிறேன்.

மம்பெத்குல் என் கணவரின் அண்ணன். என் கணவர் இறந்த பிறகு ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. நானும் அவரும் மட்டும். என்னை அவருக்குப் பிடிக்காது. குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் அவரைப் பிடிக்காது.

பிப்ரவரியில் அந்த வெயில் நாளில், நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், பாத்திகளில் இருந்த வைக்கோலை வாரித் தன் மாட்டுக்கொட்டிலில் போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது மண் சேறாகியிருந்தது. வாரிய வேகத்தில் நான்கு கிழங்குகள் மேலே வந்து கிடந்தன.

"ஏன் அத்தான் எடுத்தீங்க?"

"மாடு ஈனப்போகுது, அதுக்கு மெத்தை வேணாமா? பூவுக்குப் போய்ப் போர்வை போத்துறா பாரு. என் தம்பி இருமிக்கிட்டே கெடந்தானே, அவனுக்கு ஒருநாளாவது இப்படிப் போத்திவிட்டிருப்பியா நீ?"

கொட்டிலுக்குப் போய் வைக்கோலை அள்ளினேன். தடுக்க ஓடி வந்தவர் பனி உருகிய தண்ணீரில் வழுக்கி விழுந்தார். நான் தள்ளவில்லை. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஐசல்கின், எந்திரிக்க முடியலம்மா. யாரையாவது கூப்பிடு."

அத்தனை வருடத்தில் என்னை 'அம்மா' போட்டு அழைத்தது அன்றுதான்.

முதலில் வேலையை முடித்தேன். கிழங்குகளை உள்ளே அழுத்தவில்லை. அழுத்தினால் மிச்ச வேரும் முறியும். மேலே மண் அணைத்து, வைக்கோல் பரப்பினேன். கடைசி வரிசைக்குப் போதவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவரிடம் போய், "கோட்டைக் கழட்டுங்க அத்தான்," என்றேன். காலுக்கு முட்டுக் கொடுக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கையாக அவரே உருவிக் கொடுத்தார். கனமான ஆட்டுத்தோல் கோட்டு. அந்தக் கடைசி வரிசையை மூடச் சரியாக இருந்தது.

உள்ளே போய்த் தேநீர் போட்டேன். அவர் முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார். பிறகு தன் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தார். போன் மேசைமேல்தான் இருந்தது. ஆம், சாகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். குரல் நின்றதும் என்னால் உட்கார முடியவில்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். நல்லவேளை, கோட்டு விலகவில்லை. ஓர் ஓரம் மட்டும் காற்றில் தூக்கியிருந்தது. அதன்மேல் ஒரு கல்லை வைத்தேன்.