இடது காதில் நான்கு மாதம்

"ஹலோ... அண்ணா, நான்தான். பல் டாக்டர்கிட்டேருந்து இப்பதான் வெளிய வரேன்... இல்ல, இல்ல, பிடுங்கல. பிடுங்க மாட்டேன்னுட்டார்."

மருத்துவமனையின் மாடிப்படி திரும்பும் இடத்தில், ஜன்னலோரம் நின்றபடி அவள் போனை வலது காதில் வைத்திருந்தாள். வலியால் இடது காதில் போன் வைத்தே நான்கு மாதம் ஆகிறது. ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஒன்பது வருஷமாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். மறுமுனையில் இருந்தவர் அந்த அறையின் மேற்பார்வையாளர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான்.

"ஆமா... ஆமா, நானேதான் கேட்டேன். கடைவாய்ப் பல்லுதான் டாக்டர், பிடுங்கி எறிஞ்சிடுங்கன்னேன். அவர் எக்ஸ்ரேயைக் காட்டி, இந்தப் பல்லு மேல ஒரு குத்தமும் இல்லம்மாங்கறார்... காதா? காதும் சுத்தம்ணா. போன வாரமே காது டாக்டர் விளக்கடிச்சுப் பார்த்துட்டாரே. சீழ் இல்ல, அழுக்கு இல்ல, பாம்புச் செவின்னு சிரிச்சார்... அதேதான் நானும் கேட்டேன், அப்ப எதுதான் வலிக்குதுன்னு. தாடையாம். தாடைச் சதை."

அவள் விரல் தானாகக் காதுக்கு முன்னால் போய் நின்றது. தொட்ட இடத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு இறுக்கம்.

"கன்னத்துல கை வெச்சு, பல்லைக் கடிங்கன்னார். கடிச்சேன். விடுங்கன்னார். விட்டேன். இன்னும் விடலையேங்கறார்... சிரிக்காதீங்கண்ணா. நான் விட்டுட்டேன்னுதான் நினைச்சேன்!... ம்... சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம். நான் நாள் பூரா கடிச்சுக்கிட்டே இருக்கேனாம், தூக்கத்துலயும் கூட. பல்லு தேஞ்சிருக்கு. நாக்கு ஓரம் பூரா பல் தடம். அந்தச் சதையும் மூட்டும் காதை ஒட்டினாப்ல இருக்கிறதால, வலி காதுக்குள்ள வந்து கேக்குது... ஆமா, 'கேக்குது'ன்னுதான் எனக்குச் சொல்ல வருது."

கீழே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும்வரை அவள் காத்திருந்தாள்.

"அளவெடுத்தாங்க. தூங்கும்போது பல்லுக்கு ஒரு உறை மாட்டிக்கணும். வெந்நீர் ஒத்தடம், மெத்துனு சாப்பாடு... மாத்திரையும் உண்டு... போடறேன், போடறேன். ஆனா உறை பல்லைத்தான் காப்பாத்துமாம். எதை நினைச்சுக் கடிக்கறேனோ அதை நான்தான் பாத்துக்கணுமாம். எப்பலேருந்து இந்த வலின்னு கேட்டார்... சொன்னேன்... எல்லாத்தையும்தான்."

மறுமுனையில் பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கா?... இன்னிக்கேவா? நான் லீவு சொல்லியிருந்தேனேண்ணா... ரெண்டு பேருமா வரல?... ம்... புரியுது... நீங்க என்னதான் பண்ணுவீங்க..."

நான்கு மாதத்துக்கு முன்னால், பகல் பதினோரு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண். மூச்சு வாங்கிக்கொண்டே தெருப்பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரில் ஊரில் இரண்டு தெருக்கள். "தண்ணித் தொட்டி பக்கமா, பள்ளிக்கூடம் பக்கமா?" என்று இவள் கேட்டாள். பதிலுக்கு மூச்சு மட்டும்தான் வந்தது. இன்னொரு முறை கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பி அழைத்தால் எடுக்க ஆளில்லை. வண்டி இருந்ததோ ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் பக்கம் அனுப்பினாள். அங்கே அப்படி யாரும் இல்லை. வண்டி திரும்பித் தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குப் போனபோது ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்தார் அவளைத் தூக்கி எதிலோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதிவைப் போட்டுக் கேட்ட அதிகாரிகள் 'தவறு இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அழைப்பை எடுத்தவர்களுக்கு அதற்குப்பிறகு நடந்ததைச் சொல்லக்கூடாது என்பது விதி.

"அண்ணா, வெச்சிடாதீங்க. ஒண்ணே ஒண்ணு... ஆமா, அதேதான்... விதி எனக்கும் தெரியும்ணா, புதுசா வரவங்களுக்கு நான்தானே அதைச் சொல்லிக் குடுக்கறேன்!... கத்தல. சரி, கத்தல. அந்தப் பொண்ணு என்ன ஆனா? இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க... விட்டுடு, விட்டுடுன்னு நீங்களும் சொல்றீங்க, டாக்டரும் சொல்றார். எதைண்ணா விடறது? என்னன்னே தெரியாததை எப்படி விடறது? செத்துட்டான்னா கூட சொல்லிடுங்க. அழுது தீர்த்துடறேன்... ஹலோ?... ஹலோ, அண்ணா?"

அவள் போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன?... பிழைச்சுட்டாளா?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பண்ணா தெரிஞ்சுது?... அப்பவேவா? ஏன் என்கிட்ட சொல்லல?... சரி, சரி, விதிதான்... எந்த ஆஸ்பத்திரிண்ணா? யார் சொன்னாங்க?"

பதில் வரவில்லை.

ஒன்பது வருஷத்தில் அவள் எத்தனையோ விதமான மௌனங்களைக் கேட்டிருக்கிறாள். மயங்கி விழுந்தவரின் மௌனம் ஒன்று. கதவு எண்ணைப் பார்க்க வாசலுக்கு ஓடியவரின் மௌனம் ஒன்று. விளையாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, பொய் முகவரி ஒன்றை யோசிப்பவரின் மௌனம் இன்னொன்று. இப்போது கேட்டது அதுதான். அண்ணாவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அதனால் நேரம் எடுத்தது.

"...பெரிய ஆஸ்பத்திரியா. ம்... வீட்டுக்கும் போயிட்டாளா... நடக்கறாளா. சரிண்ணா... குழந்தைகளா? ரெண்டு பேரா..."

கேட்காததற்கெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவர் அதற்கும் ஒரு பெயர் தேட வேண்டும். அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கோப்பில் எழுதப்படவே இல்லை என்பது இப்போது அவளுக்கு நிச்சயமாயிற்று. இத்தனை நாளும் அவர் தெரிந்தே மறைக்கிறார் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பாவது இதுவரை மிச்சம் இருந்தது.

"இல்லண்ணா... அழல. ஜலதோஷம்... ஆமா, ரொம்ப நிம்மதியா இருக்கு. மனசு லேசாயிடுச்சு... நிஜமாத்தான்..."

அவர் பெருமூச்சு விட்டது வலது காதில் தெளிவாகக் கேட்டது. பாவம், நம்பிவிட்டார்.

"ரெண்டு மணிக்கா? வந்துடறேன்... ஆமா... ஆமா... பஸ்ஸிலேயே வந்துடறேன்... சரி, வெச்சிடறேண்ணா."

அவர் முதலில் வைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவரும் வைக்காமல் காத்திருந்தார். இரண்டு பேரின் மூச்சும் கொஞ்ச நேரம் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் துண்டித்தாள்.