அக்கா ஏறிய வேனின் கதவு

பழைய வேனின் பக்கக் கதவு இறுகிப்போனால் எல்லோரும் கைப்பிடியைத்தான் குறை சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் கீழே, உருளை ஓடுகிற தடத்தில் இருக்கும். நம் டோங்காத் தீவில் தெருவெல்லாம் பவழமண். எண்ணெயோடு சேர்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். சார்ஜெண்ட் ஐயா, உங்கள் வண்டியும் அந்த ரகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள்.

என் கதவு மூன்று வருடம் இறுகியே கிடந்தது. பின்மூலையை முழங்காலால் தூக்கிக்கொண்டு இழுத்தால்தான் அசையும். சந்தைக்குப் போகிற பெண்கள் கிழங்குக் கூடையோடு வெயிலில் நின்று என்னைக் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே திறந்துவிடுவேன். சரிசெய்யத் தெரியாமல் இல்லை. சரிசெய்தால் அக்கா கேட்பார்.

உங்களுக்கும் அக்கா இருக்கிறார், தெரியாததில்லை. நம் வழக்கத்தில் அக்கா வாய்விட்டுக் கேட்டதைத் தம்பி மறுக்கக் கூடாது. ஒரு பொருளை அவர் மெச்சினாலே கேட்டதாகத்தான் அர்த்தம். என் பெரிய பன்றி, அம்மா முடைந்த பாய்கள், மீன்படகு என்று லவினியா அக்கா மெச்சியதெல்லாம் அவர் வீட்டுக்குப் போனது. நான் முகம் சுளித்ததில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, கையைத் தொட்டதில்லை. மரியாதை அப்படி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். ஏறுவதற்கே மல்லுக்கட்ட வேண்டிய வேன்மேல் அந்தக் கண் படவில்லை. அதை ஓட்டித்தான் நானும் என் மனைவி காலோவும் நாலு பெண்களும் சாப்பிடுகிறோம்.

நவம்பரில் காலோ பிடிவாதமாக நின்றாள். கதவுக்குப் பயந்து ஆட்கள் வேறு வேனுக்குப் போகிறார்களாம். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒரு சனிக்கிழமை தடத்தைச் சுரண்டினேன், புது உருளை போட்டேன். ஒற்றை விரலால் தள்ளினால் ஓடியது. மறுநாள் கோயிலுக்குப் போகும்போது அக்கா அந்த ஒற்றை விரலை வைத்தார். திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"நல்லா வழுக்கிட்டுப் போகுதே மாகா. நம்ம ஃபோலாவுக்கு இப்படி ஒண்ணு இருந்தா பிழைச்சுக்குவான். கிறிஸ்துமஸுக்கு வர்றான்."

"உங்க பிள்ளைக்கு இல்லாததா, எடுத்துக்கட்டும் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வாரம் கதவை மறுபடி சரிசெய்தேன். பழைய உருளையை மாட்டினேன். தடத்தில் ஈரப் பவழமண்ணை அப்பினேன். உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பியைக் கழற்றினேன். கதவு இறுகியிருந்தால் அக்காவே வேண்டாம் என்றுவிடுவார். முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவின் வலது கால் சர்க்கரை வியாதியில் போய்விட்டது. கோயில் வாசலில் என் மூத்தவள் சேய்னிதான் அத்தையைக் கைத்தாங்கலாக இறக்குவாள். அந்த ஞாயிறு காலை சேய்னியிடம், அத்தைக்கு உடம்பு முடியவில்லை, வரமாட்டார் என்று சொன்னேன். பிறகு போய் அக்காவை ஏற்றிவந்தேன். மாமர நிழலில் இடம் இருந்தது. வெயிலில் நிறுத்தினேன். புழுதி வரும் என்று முன் கண்ணாடிகளை ஏற்றினேன். நடுக் கண்ணாடிகள் திறக்காத வகை. முன் இருக்கைக்குப் போகலாம் என்றால் நடுவில் இன்ஜின் மேடு. ஒற்றைக் காலோடு அதைத் தாண்ட முடியாது. "சேய்னி வருவா, இருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பாடகர் குழுவில் ஜன்னலோரத்து என் இடத்துக்குப் போனேன்.

அன்று எட்டு ஊர்ப் பாடகர் குழுக்கள் ஒன்றாகக் கூடியிருந்தன. ஒரு குழு முடிக்க அடுத்தது எடுக்கும், எக்காளங்கள் வேறு. பிரசங்கம் தொடங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் அமைதிதான்.

கதவை நான்தான் திறந்தேன். முழங்காலால் தூக்கி இழுக்க அரை நிமிடம். பெண்கள் அக்காவை வெளியே எடுத்தார்கள். தம்பி பார்க்கக் கூடாது என்பதால் திரும்பி நின்றுகொண்டேன். தம்பி முறைப்படி, துக்கத்துக்குக் காது வரை மூடுகிற கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் அடுப்படியில் கிடந்தேன். தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்றது ஊர். நான் அழுததும் பொய்யில்லை. "வேன் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு ஃபோலாவு கப்பல் ஏறினான். இப்போது அதில் ஒருவரும் ஏறுவதில்லை. காலோகூட நடந்துதான் போகிறாள்.

உள்கைப்பிடி முன்பே கெட்டிருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அக்கா தட்டியது கேட்டதா என்றும் கேட்டீர்கள். இரண்டாவது பாட்டில் தட்டத் தொடங்கினார். எங்கள் தாளத்தோடு சேராததால் எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மாகா, கதவைத் திறடா தம்பி."

அக்கா கேட்டு நான் மறுத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது, ஐயா. அவர் கேட்டது என் காதில் முழுதாக விழுந்துவிடாதபடி, தொண்டை கிழியப் பாடினேன்.