ஏழு நாள் காத்திருக்காத வெள்ளரிக்காய்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, மண்ணோடு மல்லுக்கட்டியே முடி நரைத்த பெரியோர்களே, காலைப் பறிப்பை முடித்துக் கை கழுவியதும் கழுவாததுமாக ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, இடம் இல்லாமல் பின்னால் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். பூச்சிமருந்துகளை உணவுப் பயிருக்கு அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்கும் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் வேதியியல்காரன். அப்படியானால் ஏன் மேடை ஏறினேன்? என் தவற்றைச் சொல்ல ஏறினேன். அதைத் தடுத்தவரைச் சொல்ல ஏறினேன்.

எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பொது விசாரணை. வெள்ளரிக் கொடியின் இலையைச் சல்லடையாக்கும் வண்டுக்கு ஒரு புது மருந்து. நானூறு பக்கக் கோப்பு. எலிக்கு என்ன ஆகும் என்று பார்த்திருந்தார்கள், மீனுக்கு என்ன ஆகும் என்று பார்த்திருந்தார்கள், தேனீக்கு என்ன ஆகும் என்றும் பார்த்திருந்தார்கள். தெளித்த ஏழாம் நாள் காயில் தங்கும் நச்சு, வரம்புக்குள்தான் இருந்தது. ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன்.

"பொதுமக்கள் யாராவது பேசணுமா?" என்று எங்கள் குழுத்தலைவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். யாரும் பேசியதில்லை என்பதால் அந்த அலட்சியம்.

"நான் பேசணும் சார்."

எழுந்தவர் ஒரு வெள்ளரி விவசாயி. ஊரில் அவருக்குப் பந்தல் அக்கா என்று பெயர். ஆமாம் தாயே, நீங்கள் கை காட்டுகிறீர்களே, மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கிறாரே, அவரேதான். பையிலிருந்து ஒரு சுவர்க் காலண்டரை எடுத்து எங்கள் மேசையில் விரித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சிவப்பு வட்டம்.

"இதெல்லாம் நான் காய் பறிச்ச நாள் சார். நீங்க ஏழு நாள் கழிச்சுப் பறின்னு சொல்றீங்க. அதுக்குள்ள மூணு பறிப்பு போயிடும். காய் முத்திப்போய் மஞ்சளாயிடும்."

மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி பொறுமையாகச் சிரித்தார். "லேபிள்ல தெளிவா போட்டிருக்கோமேம்மா."

"போட்டுட்டீங்க சார். காய் அதைப் படிக்கலையே."

சிரிக்கிறீர்கள். அன்று எங்கள் மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழாம் நாள் எண்ணைச் சரிபார்த்தேனே, இரண்டாம் நாள் என்ன என்று கேட்டேனா? இரண்டாம் நாள் பறித்த காய் எந்த வீட்டுக்குப் போகும், எந்தப் பிள்ளையின் தட்டில் விழும் என்று ஒரு கணம் நினைத்தேனா?

"அப்ப மருந்தே வேண்டாங்கிறீங்களா?" என்றார் குழுத்தலைவர்.

"ஐயோ, வேணும் சார். போன தடவை பாதிப் பந்தலை வண்டு தின்னுடுச்சு. ஆனா அது வர்றது கொடி இளசா இருக்கறப்பதான். காய்க்கிற நேரத்துல எதுக்கு அடிக்கணும்?"

கோப்பைத் திரும்ப வாங்கினேன். எல்லோர் முன்பும் என் ஒப்பத்தை அடித்தேன். மனம் லேசானது. மறு ஆய்வு கேட்டேன். தன் பந்தலில் பாதியை அதற்குக் கொடுத்தார் அக்கா. அந்தப் பாதியின் காயை விற்க முடியாதே என்று அவர் கணவர் எங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தார். இருந்தும் சோதனைக்குப் பறித்த காய்கள் அடங்கிய பனிப்பெட்டிகளை வண்டிவரை சுமந்து வந்தவர் அவர்தான். காய்க்கும் பருவத்தில் தெளித்துச் சோதித்தோம். இரண்டாம் நாள் காயில் நச்சு வரம்பைப்போல் மூன்று மடங்கு! நான்காம் நாளும் வரம்புக்கு மேல். இளங்கொடியில் மட்டும் தெளித்த வரிசைகளில்? காயில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. வண்டும் இல்லை.

நிறுவனமும் விண்ணப்பத்தைத் திருத்தியது. அதற்காக அவர்களையும் பாராட்டுகிறேன். நேற்று அனுமதி வெளியானது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு அதிலுள்ள வரியை வாசித்தேன்: 'கொடி படரும் பருவத்தில் மட்டும். பூ வந்தபின் தெளிக்கக் கூடாது.'

மறுமுனையில் அக்கா மெல்லக் கேட்டார்: "இன்னொரு தரம் படிக்கிறீங்களா சார்? எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுறேன், அவரும் கேக்கட்டும்."

படித்தேன். மூன்று முறை படித்தேன்.

அன்பர்களே, நாங்கள் அறிவோம் நச்சின் அளவை. நீங்கள் அறிவீர்கள் காயின் அவசரத்தை. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்காவிட்டால் எத்தனை முத்திரை குத்தி என்ன, எத்தனை கையெழுத்து விழுந்து என்ன? வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கத்தரிக்காய் மருந்துக்கு விசாரணை. கத்தரி போடுகிறவர்கள் யார் யார் வருகிறீர்கள்? ஒன்று, இரண்டு, ஐந்து... அங்கே என்னம்மா, இரண்டு கையும் தூக்கிவிட்டீர்கள்? வாருங்கள், வீட்டுக்காரரையும் சேர்த்தே கணக்கில் வைக்கிறேன்.

இதுவரை கேட்ட செவிகளுக்கு என் நன்றி. வியாழக்கிழமை கேள்வி கேட்கப்போகும் வாய்களுக்கு இப்போதே என் வணக்கம்.