முதுகில் இரண்டு தட்டு

ஐந்தருவியில் நிம்மதியாகக் குளிக்க வேண்டுமென்றால் கூட்டம் வருமுன் போய்விட வேண்டும், ஐயா. சாரல் காலத்தில் தாமதமாகப் போனால் தலை நனைவதற்குள் பின்னால் நிற்பவன் தள்ளுவான். அதனால்தான் நானும் தம்பியும் விடிந்ததும் தென்காசியிலிருந்து பைக்கில் கிளம்பினோம்.

நான் பயந்த சுபாவம். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். சொரிமுத்து ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை என்பார்கள்.

தம்பி இசக்கிமணியை உங்களுக்குத் தெரியும். அவன் தவில் வாசிக்கிற வீடியோவை உங்கள் ஸ்டேஷனிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவிலை முதலில் படித்தவன் நான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டான். இரண்டு வருடத்தில் நான் இரண்டாம் தவில் ஆனேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவனுக்குக் காது கேட்காது. பதினாறு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவான். செவிடனைக் கல்யாண வீட்டுக்கு யார் கூப்பிடுவார்கள்? அம்மாவும் நானும் வெளியே சொல்லவில்லை. இனி அவன் வாசிப்பு குறையும் என்று நினைத்தேன். கூடியது.

மேடையில் நான் அவனுக்கு இடப்பக்கம் உட்காருவேன். முழங்காலோடு முழங்கால் பட்டுக்கொண்டிருக்கும். தாளம் அந்த வழியாகப் போகும். நாகசுரக்காரர் நிறுத்தப் போகிறார் என்றால் முதுகில் இரண்டு தட்டு. தெருவில் பின்னால் லாரி வந்தாலும் அதே இரண்டு தட்டு. ஏன் என்று கேட்க மாட்டான். நின்றுவிடுவான், இல்லையென்றால் ஒதுங்கிவிடுவான். வாசித்து முடித்ததும் சனம் கைதட்டும். அவனுக்கான கைதட்டல். எனக்குத்தான் கேட்டது.

போன மாதம் சினிமாவிலிருந்து சமீர் என்று ஒருவர் வந்தார். இசையமைப்பாளரின் உதவியாளர். லாட்ஜ் அறையில் தம்பிக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, என்னை வெளியே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கோபப்பட்டுப் போயிருந்தால் நன்றாயிருக்கும். போகவில்லை. சென்னையில் டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் செய்து கருவி வைத்தால் கேட்கும், படத்துக்கு இவன்தான் வேண்டும் என்றார்.

தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே ஒனக்கு ரெஸ்ட்டுண்ணே. எத்தன நாளைக்குத்தான் எம்முதுகத் தட்டிக்கிட்டுக் கெடப்ப?"

அன்றிலிருந்து சும்மா இருக்கையிலும் என் கை இரண்டு தட்டு தட்டுகிறது. சோறு பிசையும்போதுகூட.

சென்னைக்குப் போகுமுன் ஒரு குளியல் போடுவோம் என்று சொன்னது நான்தான். அவன் கூப்பிட்டதாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது தப்பு.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் தொழில் செய்கிற செல்லப்பா எங்கள் இருவருக்கும் தேய்த்துவிட்டார். தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி மலையை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, மேல மழை கருக்குது. வெரசா குளிச்சிட்டு ஏறிருங்க."

அவர் பேசினது தம்பிக்கு என் முகத்திலிருந்து தெரிந்தது. "என்னண்ணே சொல்லுதாரு?"

"நல்லா நின்னு குளிக்கச் சொல்லுதாரு."

அருவிக்குள் நிற்பதென்றால் அவனுக்கு உயிர். "இங்கன எல்லாரும் செவிடுதாம்லா" என்று சிரிப்பான். அன்றும் அதைச் சொன்னான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறையைப் பார்த்து, கண்ணை மூடி நின்றான். நான் பக்கத்தில் நின்றேன்.

விசில் ஊதினார்கள். நன்றாகத்தான் ஊதினார்கள். காவலர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் ஓடினார்கள். மண் கரைந்து தண்ணீர் சிவந்துகொண்டு வந்தது. ஒருவர் அவனை இழுக்கக் கை நீட்டினார். "அவன் வந்திருவான், நீங்க ஏறுங்க" என்றேன்.

என் கை தானாக எழுந்தது. அவன் முதுகு எண்ணெயில் மின்னியது. அதைத் தொடுமுன் கையை நிறுத்தினேன். அதற்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிறகு படியேறினேன்.

மேலே நின்று கத்தினேன். "மணி, ஏலே மணி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சாட்சி சொன்ன அத்தனை பேரும் உங்களிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கத்தினால் அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

கல்லும் மண்ணுமாக வந்த தண்ணீர் அவனைக் கம்பியோடு சேர்த்து அடித்தது. வலது கை நசுங்கிவிட்டது. இன்னும் நினைவு வரவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்தாள். அழவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, ரெண்டு தட்டு தட்டுனியா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இப்போது வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போகும்போதும் வரும்போதும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள். அவள் இதுவரை இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

தட்டவில்லை, ஐயா. தட்டியிருந்தால் வந்திருப்பான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. அந்தச் சென்னை டாக்டர் இங்கேயே வந்து அவன் காதைப் பார்க்கிறேன் என்கிறாராம். இப்போது வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்துத் திடீரென்று சத்தம் கேட்டால் பிள்ளை பயந்துவிடுவான். கண் விழிக்கும்போது பக்கத்தில் என்னை உட்கார விட்டால் போதும். எதுவென்றாலும் நான் தட்டிச் சொல்லிக்கொள்வேன்.